ஆல்கஹாலில் கரண்ட் போகுமா?

மேஜைமேல் மூன்று கண்ணாடிக் குவளைகள். பக்கத்தில் சாமிநாதன் சார் குடிக்காமல் விட்ட டீயில் ஆடை படிந்து கிடந்தது. அவர் காஞ்சன்பாக் ராணுவத் தளவாட ஆபீசிலிருந்து வரும் இன்ஸ்பெக்டர். எங்கள் தொழிற்சாலையில் செய்யும் சர்க்யூட் போர்டுகளைச் சரிபார்த்து முத்திரை குத்திவிட்டுப் போவது அவர் வேலை. அன்றைக்கு முத்திரைப் பெட்டியைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, மீட்டரின் முள்ளைப் பார்த்தபடி இருந்தார்.

முதல் குவளையில் மீட்டரின் கம்பியை விட்டேன். முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இது வெறும் ஆல்கஹால் சார்."

"ஹவ்," என்றார். ஆமாம் என்பதற்கு அவர் வாயில் அதுதான் வரும்.

இரண்டாவது குவளையில் ஆல்கஹாலோடு சுத்தமான தண்ணீரைக் கலந்திருந்தேன். முள் கொஞ்சம் அசைந்து அடங்கிவிட்டது. மூன்றாவதில் அதே ஆல்கஹால், ஆனால் தண்ணீர் வேறு. முள் விருட்டென்று எழுந்து பாதி வழி போய் நின்றது.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த நேரத்தில் ஜெயித்த சந்தோஷமெல்லாம் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

வெயிலைத் திட்டியதற்கு

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஐதராபாத் வெயிலைத் திட்டி எழுதியிருந்தேன். அங்கே இருக்கும் தமிழ் வாசகர்கள் சிலருக்குக் கோபம். சாத்தூர்க்காரி வெயிலைப் பற்றிப் பேசலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். வெயில் பாவம், அதன்மேல் குற்றமில்லை. அந்த ஊரில் இருந்த வருடங்களில் நான் ரொம்பவும் அலுத்துப்போயிருந்தேன். அலுப்பில் இருப்பவளுக்கு எதைக் கண்டாலும் எரிச்சல் வரும்.

கல்யாணமாகி நான் போய் இறங்கிய காலத்தில் மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. என் கணவர் கணேசனுக்கு அதில் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழ்வீட்டில் கம்ப்யூட்டர், மேல்வீட்டில் கம்ப்யூட்டர், எதிர்வீட்டில் மாமியார் உட்பட எல்லோரும் கம்ப்யூட்டர் வகுப்பு. நான் ஒருத்திதான் வேதியியல் படித்துவிட்டு அதே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

என்ன வேலை என்று கேட்பார்கள். போர்டுகளை ஆல்கஹாலில் கழுவிச் சோதிக்கிற வேலை என்பேன். கேட்டவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அது குடிக்கிற சரக்கு இல்லை, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் என்று விளக்கிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். சாயந்திரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் என் புடவையிலிருந்து வரும் வாடையை மோந்துவிட்டு நகர்ந்து உட்கார்வார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் துடைப்பார்களே, அந்த வாடை. தலை முடியில்கூட ஏறியிருக்கும்.

விரல் நுனியெல்லாம் எப்போதும் சில்லிட்டுக் கிடக்கும். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ச்சல்லகா உந்தி அம்மா," என்பாள். குளிர்ச்சியாக இருக்கிறதாம். நான் தமிழில் எது கேட்டாலும் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும்.

கழுவுவதில் என்ன இருக்கிறது

எங்கள் தொழிற்சாலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். தகரக் கூரை போட்ட ஒரு கூடம், ஏ.சி. போட்ட ஓர் அறை, ஒரு காவல்காரர். கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து போர்டுகளில் பற்றவைப்பார்கள். பற்றவைக்கும்போது ஈயம் நன்றாகப் பிடிக்க ஒரு பசை தடவ வேண்டும். அந்தப் பசையின் மிச்சமும் விரல்களின் வியர்வையும் போர்டில் ஒட்டிக்கொள்ளும். இரண்டிலும் உப்பு உண்டு.

அந்த உப்பு அப்படியே இருந்தால் ஈரக் காற்றை இழுத்து வைத்துக்கொள்ளும். செம்புக் கோடுகளில் பச்சை பூத்துவிடும். ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்ததில் கோடு அறுந்துபோகும். எங்கள் போர்டுகள் எந்தக் கருவிக்குள் போகின்றன என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். நாங்களும் கேட்கக்கூடாது. என்றைக்கோ ஓர் ஆள் அதை நம்பி ஒரு பொத்தானை அழுத்துவான், அப்போது அது வேலை செய்தாக வேண்டும். அது மட்டும் தெரியும்.

அதனால்தான் ஆல்கஹாலும் சுத்தமான தண்ணீரும் கலந்து கழுவுவது. கழுவிய பிறகு அதே கலவையை போர்டின்மேல் ஊற்றி, வழிவதைக் குவளையில் பிடித்து, மீட்டரை விட்டுப் பார்ப்போம். கலவை தானாகக் கரண்டைக் கடத்தாது. ஆகவே முள் ஏறினால் போர்டில் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவுதான் சோதனை. இதற்கு ஒரு எம்.எஸ்ஸி. எதற்கு என்று கணேசன் கேலி செய்வார்.

ஆல்கஹால் ஏன் கடத்தாது என்பது கல்லூரியில் முதல் வருடப் பாடம். பாட்டரி, பல்பு, இரண்டு கரிக் குச்சிகள். உப்புத் தண்ணீரில் குச்சிகளை விட்டால் பல்பு எரியும். சர்க்கரைத் தண்ணீரில் எரியாது. ஆல்கஹாலிலும் எரியாது. என் பக்கத்தில் நின்ற ஜெயராணி விடவில்லை. காஸ்டிக் சோடாவில் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஓஹெச் இருக்கிறது, பல்பு எரிகிறது. ஆல்கஹாலிலும் அதே ஓஹெச் இருக்கிறதே, இது மட்டும் ஏன் எரியவில்லை என்றாள்.

கேள்வி நல்ல கேள்விதான். கரண்ட் போக வேண்டுமென்றால் கரைசலுக்குள் மின்னேற்றத்தோடு துகள்கள் தனித்தனியாக நடமாட வேண்டும். காஸ்டிக் சோடா தண்ணீரில் விழுந்ததும் சோடியம் ஒரு பக்கம், ஓஹெச் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். ஆல்கஹால் தண்ணீரில் எவ்வளவு கலந்தாலும் அதன் ஓஹெச் கார்பனை விட்டு வராது. மூலக்கூறு முழுசாகவே கிடக்கும். கட்டிக்கொண்டவனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஜெயராணி சொல்லிச் சிரித்தாள். எங்கள் வகுப்பில் அதற்கப்புறம் யாருக்கும் அது மறக்கவில்லை.

மைனஸில் ஓர் அழுக்கு

குவளைகளை வைத்துக் காட்டிய அந்த வருடம்தான் அப்பாவுக்கு ஆபரேஷன். நான் லீவு போட்டுவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு சாத்தூர் போய்விட்டேன். ஆஸ்பத்திரியில் அல்லாடிவிட்டுத் திரும்பி வர ஒரு மாதத்துக்குமேல் ஆனது. வந்த முதல் நாள், காய்ந்துகொண்டிருந்த போர்டு ஒன்றை எடுத்து நானே சோதித்தேன்.

முள் ஏறியது. இது தேறாதே என்று ஒதுக்கி வைக்கப் போனேன். கழுவும் பிரிவில் யாதம்மா என்றொரு பெண். இல்லை மேடம், இதிலிருந்து ஆல்கஹால் கரண்டைக் கழிக்க வேண்டும் என்று தெலுங்கில் சொன்னாள். எவ்வளவு என்று கேட்டேன். ஓர் எண் சொன்னாள். கழித்துப் பார்த்தால் மைனஸில் வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போர்டில் அழுக்கு மைனஸில் இருக்கிறது. அதாவது ஒன்றுமே இல்லாததைவிட சுத்தமாக இருக்கிறது. அப்படியொரு போர்டை உலகத்தில் யாரும் செய்ததில்லை. சிரித்துக்கொண்டே, யாரம்மா உனக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தது என்றேன். பெரிய சார் என்றாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பெரிய சார் என்றால் முதலாளி ராவ். கெட்டவர் இல்லை. சர்க்கார் வேலையை விட்டுவிட்டு, மனைவியின் நகையை வைத்து இந்தக் கூடத்தைக் கட்டியவர். அவர் வேலை கற்றுக்கொடுத்த என்ஜினியர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக மாதாப்பூருக்குப் பறந்துவிட்டார்கள். புதிதாக வருகிறவனும் ஆறு மாதம் இருந்துவிட்டு, சாரி சார் என்று கை குலுக்கிவிட்டுப் போய்விடுவான். இருக்கிறவர்களை வைத்து இழுத்துக்கொண்டிருந்தார் மனுஷர்.

நான் ஊரில் இருந்தபோது, தண்ணீரிலிருந்து உப்பை எடுக்கும் இயந்திரம் ஓய்ந்துவிட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் மருந்தை மாற்ற வேண்டும். அதற்கு வேளை வரவில்லை. அதுவரைக்கும் என்று கேன் தண்ணீரை வரவழைத்திருக்கிறார். அதைத்தான் ஆல்கஹாலில் கலந்திருக்கிறார்கள்.

அவரைக் குறை சொல்லி என்ன பயன். அந்தக் காலத்தில் குகட்பள்ளிப் பக்கம் கேன் தண்ணீர் என்றால் அப்படி ஒரு மரியாதை. போர்வெல் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும், குழாயே அடைத்துக்கொள்ளும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் கொடுப்பதே உபசாரம். குழந்தைக்குக் கொடுக்கிற தண்ணீர், அதைவிட சுத்தம் உலகத்தில் ஏது என்று ராவும் நினைத்தார், கூடத்தில் இருந்த அத்தனை பேரும் நினைத்தார்கள். குடிக்க நல்ல தண்ணீர் வேறு, உப்பே இல்லாத தண்ணீர் வேறு. நாக்குக்கு ருசியாக இருக்கும் தண்ணீரில் உப்பு இருந்தே தீரும்.

கலவையில் முள் ஏறியதும் அவர் காரணம் தேடியிருக்கிறார். தண்ணீர்மேல் சந்தேகமே வரவில்லை. ஜெயராணியின் கேள்வி இவருக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் பல்பைப் பார்க்காமல் பதிலை மட்டும் சொல்லிவிட்டார். ஆல்கஹாலில் ஓஹெச் இருக்கிறது, ஆகவே கரண்ட் போகிறது, ஆகவே அதைக் கழித்துவிடுங்கள். எந்தக் கேனிலோ உப்பு அதிகமாக இருந்த ஒரு நாளில் அளந்த எண்ணையே எல்லா நாளைக்கும் வைத்துவிட்டார். அழுக்கான போர்டுகூட அந்தக் கழித்தலில் தேறிவிடும். கடைசிக் கழுவலும் அதே தண்ணீரில்தான். ஆல்கஹால் பறந்துபோகும், உப்பு போர்டிலேயே காய்ந்து நிற்கும்.

அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். நானும் கெமிஸ்ட்ரி படித்தவன்தான் மேடம் என்றார். மறுபடியும் கழுவலாம், ஏற்கெனவே போனதையும் திருப்பி வாங்கிக் கழுவலாம் என்றேன். போனதைத் திருப்பி வாங்குவதா என்று அவர் முகம் வெளுத்தது. காஞ்சன்பாக்கில் ஒருமுறை பெயர் கெட்டால் அடுத்த ஆர்டர் வராது, இந்தக் கூடத்தில் இருக்கும் பெண்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். அதிலும் பொய்யில்லை. இந்த லாட்டுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், அப்புறம் தண்ணீர் இயந்திரத்தைப் பார்க்கலாம் என்று முடித்தார்.

ஒவ்வொரு லாட்டும், அதாவது சேர்த்து அனுப்பும் ஒவ்வொரு தொகுதியும், சுத்தமாக இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் இல்லாத மாதத்தில் அவரே போட்டிருக்கிறார். இப்போது நான் வந்துவிட்டேன்.

எந்த ஊசிக்கு?

சும்மா வாயால் சொன்னால் எடுபடாது என்று தெரிந்தது. உப்பில்லாத தண்ணீருக்கு எங்கே போவது? குகட்பள்ளியில் எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் ஊசி மருந்தைக் கலக்க விற்கும் தண்ணீர்க் குப்பிகள் ஞாபகம் வந்தன. ஒரு பெட்டி முழுக்கக் கேட்டேன். கடைக்காரர் எந்த ஊசிக்கு, யாருக்கு உடம்பு சரியில்லை என்றெல்லாம் விசாரித்தார். போர்டு கழுவ என்றால் நம்பப்போவதில்லை. மாமாவுக்கு என்று சொல்லிவிட்டு வாங்கி வந்தேன். இல்லாத மாமாவின் உடம்பை அந்த மனிதர் அதற்கப்புறமும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் அந்த இரண்டாவது குவளை வந்தது. மூன்றாவதில் இருந்தது கேன் தண்ணீர். ராவ் வெளியே போயிருந்த நேரம். சாமிநாதன் சாருக்கு முன்னால் மூன்றையும் வைத்துக் காட்டினேன்.

சாமிநாதன் சாரின் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ஐதராபாத்துக்கு வேலைக்கு வந்தவர். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். வீட்டில் தமிழ், தெருவில் உருது, ஆபீசில் இங்கிலீஷ் என்று மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டோம் என்று போன தடவைதான் சொல்லியிருந்தார்.

கண்ணாடியைத் துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு, "கைக்கும்மா இத எனக்குக் காட்டற?" என்றார். எதற்கு என்பதைத்தான் அப்படிக் கேட்பார்கள்.

நான் மீட்டரின் கம்பியைத் துடைத்து வைத்தேன்.

"ராவ் சொன்னப்ப நானும் தலையாட்டினேன். ஓஹெச்னா கரண்ட் போகும்தானேன்னு. நீ ஊருக்குப் போயிருந்தப்ப வந்ததுக்கெல்லாம் முத்திரை குத்தினது இந்தக் கைதான்."

அப்புறம் அவர் சொன்னதை நான் இன்றைக்கும் வார்த்தை மாறாமல் சொல்வேன்.

"நீ கையெழுத்துப் போட்டா நான் குத்திட்டுப் போயிடுவேன்மா. எனக்குச் சண்ட போடற தெம்பு இல்ல. நீ போடலன்னா, கெமிஸ்ட் போடலன்னு நான் எழுதலாம். பழசையும் திரும்பக் கேட்கலாம். நக்கோன்னு சொல்ல எனக்கு முன்னாடி ஒரு ஆள் வேணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வயதும் பதவியும் உள்ள மனிதர், வேண்டாம் என்கிற ஒரு சொல்லைச் சொல்ல என்னை முன்னால் தள்ளுகிறார். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் கோபம் தங்கவில்லை. களைத்த மனுஷனைக் களைத்த மனுஷிக்கு அடையாளம் தெரியும். திங்கட்கிழமை வருகிறேன் என்று ராவுக்குச் செய்தி சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பெஞ்சும் அமீர்பேட்டையும்

இதில் நான் யோசிக்க என்ன இருந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அப்போது எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான்.

அமெரிக்காவில் ஏதோ சரிந்ததாம், மாதாப்பூரில் ஆட்களை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வேலை இல்லாமல் சம்பளம் கொடுத்து உட்கார வைப்பதற்குப் பெயர் பெஞ்ச். கொஞ்ச நாளில் பெஞ்சையும் எடுத்துவிட்டார்கள். கணேசன் வீட்டுக்கு வந்துவிட்டார். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவார், சமைப்பார், துணி மடிப்பார். முகம் கொடுத்துப் பேசமாட்டார். அவர் வைக்கும் வத்தக் குழம்பு நன்றாகத்தான் இருக்கும். அதைச் சொன்னால்கூட அந்தச் சமயத்தில் அவருக்குக் கோபம் வரும் என்று சொல்லாமல் சாப்பிடுவேன்.

அமீர்பேட்டையில் ஒரு கன்சல்டன்சிக்காரன் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எந்த மென்பொருளுக்குக் கிராக்கி இருக்கிறதோ அதில் வேலை பார்த்ததாக அனுபவம் தயார் செய்து கொடுப்பான். கம்பெனி பெயர், கடிதம், போன் வந்தால் ஆமாம் எங்களிடம்தான் இருந்தார் என்று சொல்ல ஓர் ஆள், எல்லாம் அவன் பொறுப்பு. காலனியில் பலர் அப்படிப் போனவர்கள்தான். யாரும் அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. கணேசன் மட்டும் மாட்டேன் என்று நின்றார். செய்யாத வேலையைச் செய்தேன் என்று எந்த வாயால் சொல்வது என்பார். எனக்கு அதில் பெருமை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் பெருமை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னேன். மகள் தரையில் படுத்துக்கொண்டு படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். கணேசன் எல்லாவற்றையும் கேட்டார். குவளைகளையும் முள்ளையும் பற்றி இரண்டு கேள்விகூடக் கேட்டார். பிறகு கைகழுவிவிட்டு வந்து நின்றார்.

"வசந்தி, ஆல்கஹால்ல கரண்ட் போனா என்ன, போகாட்டி என்ன? நம்ம வீட்டுல அடுப்பு எரியணும்."

"அது யாரு உசிரோட வெளயாடுற போர்டுன்னே தெரியாதுங்க."

"தெரியாதுல்ல? தெரியாததுக்காக இருக்கற வேலையை விடப்போறியா?"

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. அவர்தான் இப்படிப் பேசுகிறாரா என்றிருந்தது. அலுப்பும் ஆத்திரமும் சேர்ந்து வாயில் வந்துவிட்டது.

"அப்ப நீங்க ஏன் அமீர்பேட்டைக்குப் போகலை?"

அவர் பால்கனிப் பக்கம் போய்க் கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மகள் நிமிர்ந்து, "ஏமயிந்தி அம்மா?" என்றாள். ஒன்றுமில்லை, நீ வரை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் ரசம், அப்பளம், தண்ணீர் என்கிற அளவில்தான் பேச்சு.

திங்கட்கிழமை

சாமிநாதன் சார் சொன்னபடி வந்தார். ராவும் இருந்தார். தாள் என் முன்னால் இருந்தது, பேனாவும் இருந்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நான் தைரியமாக எழுந்து நின்று எதுவும் பேசவில்லை. இதில் என்னால் போட முடியாது சார் என்று தெலுங்கில் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

ராவ் கத்தவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உங்களுக்கு ஓய்வு தேவை மேடம், நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாதம்மா போர்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லிக்கொண்டு போகவும் எனக்குத் தெம்பில்லை.

சாமிநாதன் சார் முத்திரைப் பெட்டியைப் பைக்குள் வைத்தார். எழுத வேண்டியதை எழுதினார். பழைய லாட்டுகளையும் திரும்பச் சோதிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதினார், அதை என் கண்ணால் பார்த்தேன். அவர் ஓய்வு பெறும் நேரத்தில் அதற்காக விசாரணை, விளக்கம் என்று அலைக்கழித்தார்களாம். அந்தச் சமயத்தில் ஒருநாள் வீட்டுக்குப் போன் செய்தார்.

"பெட்டியப் பிரிச்சுப் பார்த்தோம்மா. நெறைய போர்டுல கோடெல்லாம் பச்சை பூத்திருக்கு. கருவிக்குள்ள போறதுக்குள்ள புடிச்சாச்சு," என்றார். அப்புறம், "நல்லா இரும்மா," என்று வைத்துவிட்டார்.

ராவ் கடைசியில் தண்ணீர் இயந்திரத்தைச் சரிசெய்தார், எல்லாவற்றையும் மறுபடி கழுவிக் கொடுத்தார், கூடம் தப்பித்தது. யாதம்மாவைப் பல மாதம் கழித்துச் சந்தையில் பார்த்தபோது சொன்னாள். ஆல்கஹாலில் கரண்ட் போகும் என்றுதான் பெரிய சார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கணேசன் கதவைத் திறந்தார். கையில் சாப்பாட்டுப் பையோடு நான் அந்த நேரத்தில் நின்றதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"கையெழுத்துப் போடலைங்க. வரவேண்டாம்னுட்டாங்க."

"சரி, வா. சாப்பிடு," என்றார். தட்டு வைத்துப் பரிமாறினார். திட்டவில்லை, குத்திக்காட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன், கண்ணீர் சோற்றில் விழுந்தது.

மறுநாள் காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தார். அலமாரியிலிருந்து நீலச் சட்டையை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். "இத கொஞ்சம் தேய்ச்சுக் குடு." எங்கே என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"அமீர்பேட்டைக்கு."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அடுப்பு எரிய வேறு வழி என்ன என்று அவர் கேட்பார். இஸ்திரிப் பெட்டியைச் செருகிவிட்டுச் சட்டையை விரித்தேன். காலர், கை, முன்பக்கம் எல்லாம் ஒழுங்காகத் தேய்த்துக் கொடுத்தேன்.

இதெல்லாம் நடந்து பல வருடங்கள் ஓடிவிட்டன. அந்த வேலையில் அவர் நன்றாகவே உழைத்தார், மேலே வந்தார், எங்களுக்குச் சொந்த வீடு வந்தது. வீட்டுக்கு யாராவது வந்தால் என் போர்டுக் கதையை அவர்தான் சொல்வார். குவளைகள், முள், இன்ஸ்பெக்டர், ராவ் எல்லாம் வரும். எங்க வீட்டம்மா கையெழுத்துப் போட மாட்டேன்னு வேலையவே உதறிட்டு வந்தவங்க என்று அவர் சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் பெருமை நிஜமானது. எனக்கு அது தெரியும்.

கேட்பவர்களில் யாராவது ஒருவர், அப்போது உங்களுக்கும் வேலை இல்லையே, அப்புறம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டுவிடுவார்கள்.

"எனக்கு உடனே வேலை கெடச்சிருச்சு," என்பார்.

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்க மாட்டார். நானும் அவரைப் பார்ப்பதில்லை.